இருட்டில் ஒரு பண்டிகை

ஜூன் மாதம் 21-ம் தேதியில் நமக்கு என்ன விசேஷம்? பிரமாதமாக ஒன்றுமில்லை. ஆனி மாதம், இரண்டு மூன்று கல்யாணப் பத்திரிகைகள் வந்திருக்கும், புழுக்கம் தாங்காமல் விசிறியைத் தேடிக்கொண்டிருப்போம். ஆனால் பூமியின் அடிக்கோடியில் இருக்கும் அண்டார்டிகாக் கண்டத்தில் அன்றைக்குத்தான் வருஷத்திலேயே பெரிய பண்டிகை!

"பென்குவின் பறவைகளா பண்டிகை கொண்டாடுகின்றன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கண்டத்துக்குச் சொந்த ஜனங்கள் என்று யாரும் கிடையாது. ஆனால் பல தேசத்து விஞ்ஞானிகளும், டாக்டர்களும், சமையற்காரர்களும், மெக்கானிக்குகளும் சுமார் 40 நிலையங்களில் குளிர்காலம் முழுவதையும் அங்கேயே கழிக்கிறார்கள். நம் தேசத்துக்கும் அங்கே இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று 1989-ல் ஏற்பட்ட 'மைத்ரி'. மற்றொன்று 2012-ல் ஏற்பட்ட 'பாரதி'.

டிசம்பரில் வரும் கிறிஸ்துமஸ் அங்கே கோடைகாலத்தில் வருகிறது. நடு ராத்திரியிலும் சூரியன் காய்ந்துகொண்டிருப்பான். வேலையும் கழுத்து மட்டும் இருக்கும். உண்மையான குளிர்காலம் ஜூன் மாதத்தில். மைத்ரியில் அப்போது சுமார் இரண்டு மாதம் சூரிய தரிசனமே இல்லை. தென் துருவத்திலோ, மார்ச் மாதம் மறைந்த சூரியன் செப்டம்பரில்தான் மறுபடி உதிக்கிறான். கப்பல் வராது, விமானம் வருவதும் அபூர்வம். அந்த இருட்டுக்கு நட்ட நடுவில் வருவது ஜூன் 21.

வெறும் தமாஷுக்காகவா இந்தப் பண்டிகை? அதைத் தெரிந்துகொள்ள 1898-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் 'பெல்ஜிகா' என்ற கப்பல் அண்டார்டிகாப் பனியில் சிக்கிக்கொண்டது. பெல்ஜியம், நார்வே, போலந்து, ருமேனியா, அமெரிக்கா என்று பல தேசத்தார் அதில் இருந்தார்கள். அங்கே முதன்முதலாகக் குளிர்காலம் கழித்த மனிதர்களில் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். சுமார் 70 நாள் சூரியனே இல்லை. ஜூன் 5-ம் தேதி டாங்கோ என்ற விஞ்ஞானி இருதய நோயால் இறந்தார். மற்றவர்கள் முகம் வெளிறி, உற்சாகம் போய், படுத்த படுக்கையானார்கள். மாலுமி ஒருவருக்குச் சித்தமே கலங்கியது. தலைவரும் காப்டனும் உயில்கூட எழுதி வைத்துவிட்டார்கள்!

கப்பலின் டாக்டர் பிரெடரிக் குக் என்ன வைத்தியம் செய்தார், தெரியுமா? கொழுந்து விட்டெரியும் அடுப்பின் எதிரில் நோயாளிகளை நிறுத்தினார். டப்பா உணவைத் தள்ளிவிட்டு, புது பென்குவின் மாமிசத்தையும் சீல் மாமிசத்தையும் வற்புறுத்தித் தின்ன வைத்தார். வெளிச்சம், உஷ்ணம், நல்ல சாப்பாடு, பக்கத்தில் ஒரு மனித முகம்! மறுபடி எழுந்து நடமாடினார்கள். யோசித்துப் பார்த்தால், பண்டிகை என்பதும் இந்த நாலும்தானே?

1911-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி, ஸ்காட் கோஷ்டியார் தங்கள் மரவீட்டில் விருந்து வைத்தார்கள். செடி கொடி ஒன்றும் முளைக்காத இடத்தில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு எங்கே போவது? பவர்ஸ் என்பவர் ஒரு கழியில் மூங்கில் சிம்புகளைக் கட்டி, பறவை இறகுகளை இலையாக ஒட்டி, ஒரு மரத்தையே சிருஷ்டித்துவிட்டார்! இந்தியக் கடற்படையில் உத்தியோகம் பார்த்தவர் அவர். ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பரிசு தொங்கியது. மறு வருஷம் மார்ச் மாதத்தில் ஸ்காட்டும் பவர்ஸும் பனியில் உயிர் விட்டார்கள். அவர்கள் கொண்டாடிய பண்டிகை மட்டும் இன்றும் நடந்து வருகிறது.

இன்று ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு சம்பிரதாயம். பிரிட்டிஷ் நிலையங்களில் அன்று காலை நிலையத் தலைவரே மற்றவர்களுக்குச் சிற்றுண்டி தயாரித்துப் பரிமாறுவார். (நம் வீடுகளிலும் வருஷத்துக்கு ஒரு நாள் இதை அமல் செய்யலாமே என்று சகோதரிகள் யாராவது சொன்னால், எனக்கு ஆட்சேபம் இல்லை!) சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் பெயர் வருகிறதோ, அவருக்குப் பல வாரம் உழைத்துத் தம் கையாலேயே ஒரு பரிசு செய்து கொடுக்க வேண்டும். கடையில் வாங்கலாம் என்றால், கடை ஏது? பி.பி.சி. வானொலி வீட்டாரின் குரலையும் வாழ்த்தையும் கொண்டு வருகிறது. ஆஸ்திரேலியர்களோ பனியை வெட்டிக் குழி பறித்து, உறையும் தண்ணீரில் ஒரு முழுக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் மார்கழி ஸ்நானத்துக்கு முனகுகிறவர்கள் கவனிக்க!

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நிலையத்தாரும் கூட்டமாக நின்று படம் எடுத்து, வாழ்த்து மடலாக மற்ற தேசத்து நிலையங்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். 1959-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, 12 தேசங்கள் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது முறைத்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் அதில் உண்டு. ஒரே நிலத்துக்கு உரிமை கொண்டாடிய பிரிட்டனும், அர்ஜென்டினாவும், சிலியும் உண்டு. அந்த மண்ணில் படையெடுப்புக்கு இடமில்லை. பிரிட்டன் தன் நிலையம் ஒன்றை 1996-ல் உக்ரைனுக்கு ஒரே ஒரு பவுனுக்குக் கொடுத்தது. ஊரில் யுத்தம் மூண்ட பிறகும் உக்ரைன்காரர்கள் அங்கே குளிர்காலம் கழித்து வருகிறார்கள். வீட்டைப் பற்றிய கவலையோடு அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, முகம் அறியாத அண்டை வீட்டார் அனுப்பும் ஒரு வாழ்த்து எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூரியன் திரும்பி வந்துவிட்டதற்காக அவர்கள் விருந்து வைப்பதில்லை. ஜூன் 21-க்குப் பிறகும் பல வாரம், சில இடங்களில் மூன்று மாதம், இருட்டுத்தான். கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ அவன் திரும்பத் தொடங்கிவிட்டான் என்பதற்காகவே விருந்து! உத்தராயணத்துக்காகக் காத்திருந்த பீஷ்மரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன?

ஆகையால், அடுத்த ஜூன் 21-ம் தேதி வெயிலைத் திட்டுவதற்கு முன்னால், மைத்ரியிலும் பாரதியிலும் இருக்கும் நம் பிள்ளைகளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டிலும் பாயசம் இருக்கட்டும்!