வழிகாட்டி கரையில், பயணி கடலில்

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் பத்து நிமிடம். இறங்கியதும் காலடியில் கலகலவென்று சத்தம் கேட்கும். மணலோடு கலந்து கிடப்பவை செத்த முருகைக்கல் துண்டுகள்: விரல் நீளம், உடைந்த பீங்கான்போல வெள்ளை. பெரும்பாலும் புயலும் அலையும் ஒதுக்கியவை. இடுப்பளவு தண்ணீரில் முகத்தை அமிழ்த்திப் பார்த்தால் வேறு வகை உடைசலும் தெரியும். மான்கொம்பு முருகையின் நுனி முறிந்து, முறிந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும். இதில் பாதிக்காவது மனிதக் கால்தான் பொறுப்பு என்று சந்தேகப்படுகிறோம்.

ஆரஞ்சு நிற மிதவை அங்கி மாட்டிய, நீந்தத் தெரியாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முகமூடிக்குள் தண்ணீர் புகுகிறது. பதறி நிமிர்கிறார். அங்கி அவரை நெட்டுக்குத்தாகவே மிதக்கவிடும். கால்கள் தாமாகக் கீழே தொங்கும். ரப்பர் துடுப்பு எதிலோ தட்டுகிறது. அப்பாடா, கல் இருக்கிறது என்று அதன்மேல் ஏறி நின்று முகமூடியைச் சரிசெய்கிறார். கிளைவிடும் முருகை ஆண்டுக்குச் சில அங்குலம் வளரும். பாறைபோல உருண்டு கிடக்கும் வகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. அந்த மனிதர் ஒன்றும் கெட்டவரில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தர வேண்டியவர் எங்கே? ‘வழிகாட்டியுடன் ஒருநாள் ஸ்நோர்கெலிங்’ என்றுதான் பயணம் விற்கப்படுகிறது. பல வேளைகளில் படகோட்டியே அந்த வழிகாட்டி. ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பிவரும் நேரத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த சவாரிக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? காசு சவாரிக்குத்தான் கிடைக்கிறது. ‘அதில் ஏறி நிற்காதீர்கள்’ என்று அதட்டினால் கைச்செலவுக்குக் கிடைப்பதும் போய்விடும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கூடவே தண்ணீரில் இறங்கும் பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் புறாத்தீவில் யாரும் முகமூடி மாட்டக்கூடாது. ஆறு பேருக்கு ஒருவர். முதல் பத்து நிமிடம் மணல் தரையுள்ள இடத்தில் குப்புற மிதக்கப் பழக்கிய பிறகே முருகைப் பக்கம் போகவேண்டும். வழிகாட்டியின் கூலி நுழைவுச்சீட்டுப் பணத்திலிருந்தே வரவேண்டும். வெளிநாட்டவரிடம் பல மடங்கு வாங்குகிறோம் அல்லவா, அதற்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

சட்டப் பாதுகாப்பு இல்லாத தீவு என்று யாரும் சொல்ல முடியாது. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா, பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்ரேயர். வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குக்கூட இலக்காக இருந்த தீவு இது. 1970களில் முட்கிரீட நட்சத்திர மீன்கள் இப்பகுதி முருகைகளைத் தின்று தீர்த்தன. 1998இல் கடல் சூடேறித் தெற்கிலும் மேற்கிலும் முருகைகள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலை பெரும்பாலும் தப்பியது. போர்க்காலத்தில் இங்கே வந்தவர்களும் குறைவு. 2009க்குப் பிறகுதான் கூட்டம் பெருகியது.

பெயர்ப்பலகை மட்டும் என்ன செய்யும் என்பதற்கு ஹிக்கடுவையைப் பார்க்கலாம். 1979இலேயே சரணாலயமான இடம். கண்ணாடி அடித்தளப் படகுகள் முருகைமேல் உரசி உரசி ஓடின. 1998 வெளுப்பு மிச்சத்தையும் வாட்டியது. 2002இல் தேசிய பூங்கா என்ற மகுடம் சூட்டியபோது காப்பாற்ற அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

அப்படியானால் பூட்டிவிடலாமே என்போர் தாய்லாந்தின் மாயா குடாவைக் காட்டுகிறார்கள். நாளுக்கு ஐயாயிரம் பேர்வரை குவிந்த அந்தக் குடா 2018 யூனில் மூடப்பட்டு, 2022 சனவரியில்தான் திறந்தது. இடையில் கருநுனிச் சுறாக்கள் திரும்பி வந்தன. இன்று படகுகள் தீவின் பின்புறம் நிற்கின்றன, ஆட்கள் தவணை தவணையாகத்தான் உள்ளே போகிறார்கள். மூடியதோடு விட்டுவிடாமல், திறக்கும்போது விதியையும் மாற்றினார்களே, நமக்கு வேண்டிய பாடம் அதுதான். ஹவாயின் ஹனௌமா விரிகுடாவில் முதல்தடவை வருபவர் ஒரு குறும்படம் பார்க்காமல் கடலுக்கு இறங்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் கடலுக்கு ஓய்வு. புறாத்தீவை ஆண்டுக்கணக்கில் மூடினால் நிலாவெளிப் படகுக் குடும்பங்கள்தான் பட்டினி கிடக்கும். அதை நாம் ஏற்கவில்லை.

கடலே சூடாகும்போது கால் உதையெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பவர்களும் உண்டு. வெளுத்த முருகை உடனே சாவதில்லை. சூடு தணிந்தால் இழந்த பாசியை மீண்டும் சேர்த்துக்கொண்டு தேறும். காய்ச்சலில் கிடப்பவனை மிதித்துவிட்டுக் காய்ச்சல்மேல் பழிபோடுவது சரியா? உலகச் சூட்டை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் தணிக்க முடியாது. துடுப்பு மாட்டிய காலை அடக்க முடியும்.

வழிகாட்டிகளை வெளியே தேடவும் வேண்டாம். எந்த நீரோட்டம் எந்த நேரத்தில் இழுக்கும், சுறாக்குட்டிகள் எங்கே சுற்றும் என்பதெல்லாம் நிலாவெளி, குச்சவெளி இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். ஐப்பசியில் வாடை எழுந்ததும் படகுகளை மணலில் ஏற்றிவிட்டு, பங்குனிவரை அவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். பயிற்சியை இந்த வாடைக்கே தொடங்கலாம்.