விளக்கு எரிந்தால் காவல் உண்டா?

கோடை மழை தொடங்கிய ஒரு மாலையில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாழும் தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். மகளின் கல்லூரிப் படிப்புக்கென நகையை அடகு வைத்து வாங்கிய கணிப்பொறி, முந்திய இரவின் இடிமின்னலில் கருகிப் போயிற்றாம். "ஸ்பைக் கார்டு பெட்டியில்தானே சொருகியிருந்தோம், சாமி! சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டுதானே இருந்தது!" என்று அவர் கலங்கினார்.

நம் பங்கைச் சேர்ந்த மின்பணியாளர் அப்பெட்டியைத் திறந்து காட்டினார். நான்கு சாக்கெட்டுகள், ஒரு சுவிட்சு, ஒரு சிறு விளக்கு, மெல்லிய கம்பி, அவ்வளவே. காக்க வேண்டிய உறுப்பு உள்ளே இல்லை. மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே அறிவித்த விளக்கு, காவல் இருப்பதாகப் பொய்ச்சாட்சி கூறியிருந்தது.

அவ்வுறுப்பின் பெயர் வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடால் ஆன, நாணயம் போன்ற சிறு வில்லை அது. வழக்கமான அழுத்தத்தில் வாளாவிருக்கும்; அழுத்தம் திடீரென எல்லை மீறினால், மிகுதியைத் தன் வழியே திருப்பிவிடும். ஆனால் வாங்கும் ஒவ்வோர் அடியாலும் அது தேய்கிறது. ஆகவே பல ஆண்டு உழைத்த பெட்டியில் விளக்கு எரியலாம், காவல் தீர்ந்திருக்கலாம்.

அவ்வாறாயின், மலிவான பெட்டியை எங்ஙனம் மதிப்பிடுவது? முதற்கண், மேலட்டையைப் படியுங்கள். எத்தனை ஜூல் ஆற்றலைத் தாங்கும், எத்தனை வோல்ட்டில் மிகுதியைத் தடுத்து நிறுத்தும் என்னும் இரண்டும் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் இருப்பது நன்று. இரண்டும் இல்லையேல், அதை வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டியாகவே கருதுங்கள்.

இரண்டாவது, பேஸ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்றுக்கும் இடையே காவல் உண்டா எனக் கேளுங்கள். விலை குறைந்தவற்றில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மட்டும் ஒரே வில்லை இருப்பதுண்டு. காவல் தீர்ந்ததை அறிவிக்கும் தனி விளக்கும், வில்லை சூடேறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஃபியூஸும் இருப்பது மேலும் சிறப்பு.

மூன்றாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரையின் பொருளை அறிந்துகொள்ளுங்கள். அதன்மேல் ஐ.எஸ். 1293 என்றிருந்தால், அது பிளக், சாக்கெட்டுகளின் தரத்திற்கான சான்று. அதுவும் தேவையே, ஆயினும் மின்னெழுச்சியைத் தடுக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

நான்காவது, அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்புடன் கொணரும் பெட்டியில் 125 வோல்ட் என்றிருந்தால், அதை இங்கே சொருக வேண்டா. அந்நாட்டு மின்னழுத்தம் 120 வோல்ட், நமதோ 230. வில்லை நம் அழுத்தத்தைத் தாளாது வெடிக்கும், தீப்பற்றவும் கூடும்.

இவை யாவும் சரியாக அமைந்தும், சுவரில் எர்த் இல்லையேல் காவலின் பெரும்பகுதி வீணே. அத்தாயின் வீட்டிலோ சாக்கெட்டின் மேல்துளை வெறுமையாக இருந்தது, கம்பியே இழுக்கப்படவில்லை. பெட்டிக்குச் செலவிடுமுன் மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதிப்பதே அறிவுடைமை.

எத்துணை நல்ல பெட்டியும் நெடுநேரம் நீடிக்கும் மிகை அழுத்தத்தையோ, அருகில் விழும் பேரிடியையோ தாங்கும் என உறுதி கூற இயலாது. வானம் இருண்டு, முதல் இடியொலி தொலைவில் கேட்கும்போதே பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் நெருங்கிய பின் அவற்றைத் தொட வேண்டா.

அம்மகள் இப்போது பழுதுபார்த்த கணிப்பொறியில் படிக்கிறாள். வீட்டுக்கு எர்த் கம்பி வந்துவிட்டது. இடியொலி கேட்டால் முதலில் எழுந்து பிளக்கைக் கழற்றுபவர் அத்தாயே. வாசக அன்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.