பள்ளிக்கூடத்தில் ஒரு தொழுவம்



காரைக்கால் பரப்பில் சிறியதாயினும் வேளாண் கல்வியில் வறுமையுடையதன்று. செருமாவிலங்கையில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி உள்ளது. மாதூரில் உழவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. கால்நடை மருத்துவம் பயில விரும்புவோர்க்குப் புதுச்சேரியில் கல்லூரி இருக்கின்றது. ஆனால் இவற்றின் வாயிலை நம் பிள்ளைகள் அடைவது பதினேழு, பதினெட்டு வயதில். அந்த வயதுவரை ஒரு கன்றின் கயிற்றைக் கையால் பிடித்தறியாத பிள்ளை, "எனக்குக் கால்நடை மருத்துவம் பிடிக்கும்" என்று எதைக் கொண்டு சொல்லும்? மதிப்பெண்ணைக் கொண்டுதான் சொல்லும்.

2023-24ஆம் கல்வியாண்டு முதல் புதுவை மாநில அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கின. அவ்வாரியத்தின் திறன் பாடங்களுள் வேளாண்மையும் ஒன்று. பள்ளிகள் இதனை ஏற்று நடத்துமாயின், பாடநூலில் பசுவின் படத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடலாகாது. உயிருள்ள பசு ஒன்று வளாகத்தில் நிற்கவேண்டும். எனவே உயர்நிலைப் பள்ளியில் ஒரு கால்நடைத் தொழுவம் எழுப்புவது பற்றியே இம்மாதம் தங்களோடு பேச விழைகின்றேன்.

இது விந்தையான யோசனையன்று. அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஸ்மித்-ஹியூஸ் சட்டம், பள்ளியில் வேளாண்மை பயிலும் மாணவன் ஆண்டுக்கு 6 மாதமேனும் மேற்பார்வையின்கீழ்ப் பண்ணைப் பயிற்சி பெறவேண்டும் என்று விதித்தது. அந்தப் பண்ணை பள்ளி அளிப்பதாகவோ வேறொருவருடையதாகவோ இருக்கலாம் என்றும் அச்சட்டம் கூறியது. இந்த ஒரு வரியில்தான் நமக்கு வேண்டிய செய்தி அடங்கியுள்ளது. நிலமுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளித் தொழுவம் அத்தனை தேவையில்லை. வீட்டிலேயே மாடு நிற்கும். நகரத்தில், சந்துக்குள், மாடிவீட்டில் வாழும் பிள்ளைக்குத்தான் அது தேவை. நம் இல்லங்களுள் எத்தனை அத்தகையவை என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை. தந்தை வெளிநாட்டில் அல்லது கடையில். கொல்லையோ ஒரு முருங்கை நடவும் போதாது.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த கல்வித் திட்டத்திற்கு வடிவம் கொடுத்த குழுவின் தலைவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன் அவர்கள். நூற்பு, தச்சு முதலியவற்றோடு வேளாண்மையையும் கல்விக்குரிய கைத்தொழிலாக அக்குழு ஏற்றது. தொழிலின் வருவாயிலேயே கண்ணாயிருந்து கல்வியை மறந்துவிடும் ஆபத்தையும் அக்குழுவின் அறிக்கையே எச்சரித்தது. "சாணி அள்ளவா என் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன்?" என்று நம் தாய்மார்கள் கேட்கக்கூடும், கேட்பதில் தவறுமில்லை. அள்ளிய சாணத்தை நிறுத்து, தின்ற தீவனத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதினால் அது பாடம். எழுதவைக்க ஆசிரியர் இல்லையென்றால் அது கூலியில்லா வேலை. அப்போது தாய்மார்களின் பக்கமே நானும் நிற்பேன்.

இனிக் கட்டடத்திற்கு வருவோம். தொழுவம் என்றதும் பெரும் செலவு என்று அஞ்சவேண்டியதில்லை. ஒரு பசுவுக்குக் கூரைக்கு அடியில் 3.5 சதுர மீட்டரும், திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் இடம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வளர்ந்த ஆட்டுக்கு 1 சதுர மீட்டர் கூரை போதும், இளங்கன்றுக்கும் அவ்வளவே. 2 பசுக்கள், 2 கன்றுகள், 6 ஆடுகள் என்று கொண்டால் கூரையிடம் 15 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 160 சதுர அடி. 20க்கு 20 அடி வகுப்பறை ஒன்றில் பாதிகூட ஆகவில்லை! வைக்கோலும் தவிடும் வைக்க ஓர் அறையைச் சேர்த்தாலும் அந்த வகுப்பறைக்குள் அடங்கிவிடும்.

சுவரில் பணத்தைக் கொட்டவேண்டாம். நம் வெப்பத்திற்குச் சுவரே பகை. இடுப்பளவு போதும், மேலே காற்று ஓடட்டும். பணம் செல்லவேண்டிய இடம் தரை. காவிரியின் கடைமடையாகிய நம் மண் களிமண். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகின்றது. தேங்கிய நீர் எளிதில் வடிவதில்லை. ஈரத்தில் நின்ற மாட்டுக்குக் குளம்பு அழுகும், அழுக்கில் படுத்த மாட்டுக்கு மடிநோய் வரும். ஆகவே, கண்ட வெள்ளங்களுள் பெரியது எதுவோ அந்த மட்டத்திற்கு மேலே தரையை உயர்த்தவேண்டும். தரையை வழுக்காதபடி சொரசொரப்பாகப் பூசி, 60 அடிக்கு 1 அடி வீதம் பின்புறக் கால்வாய் நோக்கி வாட்டம் விடவேண்டும். கொத்தனாரிடம் இதைச் சொல்லி, வேலை முடிந்ததும் ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். தானாக ஓடவில்லையென்றால் திறப்பு விழாவை ஒத்திவைப்பது நல்லது.

ஆடுகளுக்கோ பரண் அமைப்பதே நம் கடற்கரைப் பகுதிக்கு ஏற்றது. 3, 4 அடி உயரத்தில் சட்டங்களைச் சிறு இடைவெளி விட்டு அடித்தால் புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு உலர்ந்த இடத்தில் படுக்கும். இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டரை மிஞ்சினால் குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும்.

கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருப்பின் உச்சி வெயில் உள்ளே விழாது. கூரை கீற்றாயினும் ஓடாயினும் தகரமாயினும் ஒன்றை மறவாதீர்கள்: 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகில்தான் கரை கடந்தது, 2018 நவம்பரில் கஜா நம் தெற்கே வேதாரண்யம் வரை சூறையாடிற்று. தூணோடும் அடித்தளத்தோடும் இறுகப் பிணைக்கப்படாத கூரை காற்றோடு போகும். புயல் எச்சரிக்கை வந்தால் கட்டுக் கயிற்றை அவிழ்த்துவிடும் பொறுப்பு யாருடையது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கவேண்டும். கட்டிய மாடு தப்பமுடியாது.

எந்த மாட்டை நிறுத்துவது? நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பினத்தையே பலரும் முன்மொழிவார்கள். எனக்கு உம்பளச்சேரி மாடே சரியெனப்படுகின்றது. நாகை மாவட்டத்து உம்பளச்சேரி என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய, டெல்டாச் சேற்றில் உழுது பழகிய இனம் அது. பால் குறைவுதான், 2 லிட்டர் அளவே எதிர்பார்க்கலாம். ஆயினும் வைக்கோலைத் தின்று நம் வெக்கையைத் தாங்கும். மேலும் ஒரு சிறப்பு: அதன் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்திற்கு மாறும். எட்டாம் வகுப்புப் பிள்ளை வாரம் ஒருமுறை பார்த்து எழுதுவதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது? திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் இவ்வினத்திற்கென்றே அரசு கால்நடைப் பண்ணை உள்ளது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்று காட்டலாம்.

கட்டுவதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பள்ளிக்கு ஞாயிறு விடுமுறை. பெருநாள், தீபாவளி, பொங்கல் விடுமுறை. கோடையில் ஒரு மாதத்திற்கு மேல் விடுமுறை. மாட்டின் வயிற்றுக்கு எது விடுமுறை? கனமழை நாளில் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கும்போதுதான் தொழுவத்திற்கு ஆள் அதிகம் தேவை. ஆகவே சம்பளம் பெறும் பராமரிப்பாளர் ஒருவர் அவசியம். அவரோடு விடுமுறைதோறும் இரு மாணவர், ஒரு பெற்றோர் என்று முறை வைக்கலாம். நன்கொடை அளிக்கும் நம் செல்வந்தர்கள் கல்வெட்டுப் பொறிக்கும் கட்டடத்திற்குத் தருவதில் பாதியை, பெயர் பொறிக்கமுடியாத இந்தச் சம்பளத்திற்கும் தீவனத்திற்கும் ஒதுக்கினால், கட்டிய தொழுவம் மூன்றாம் ஆண்டில் உடைந்த பெஞ்சு போடும் இடமாக மாறாது.

இறுதியாக ஆடுகளைப் பற்றி ஒன்று. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தாம் வளர்த்த கால்நடையை வட்டாரக் கண்காட்சியில் விற்பார்கள். விற்கும்போது அழுவதும் உண்டு. நம் வீடுகளுக்கு இது புதிதன்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரம் முன்னே வாங்கிக் கட்டிய ஆட்டிற்குப் பெயர் வைத்துவிட்டுப் பிள்ளைகள் படும் பாட்டைத் தாங்கள் அறிவீர்கள். பள்ளித் தொழுவத்தின் கடாக்களும் ஒருநாள் விற்கப்படவேண்டியவையே. அதைச் சேர்க்கை நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவது நேர்மை. வாங்குவோர்க்கோ ஒரு நன்மை. குர்பானி ஆட்டிற்கு ஓராண்டு நிறைந்ததா என்று சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, வியாபாரியின் சொல்லையும் நம்பி நிற்கின்றோம். பள்ளித் தொழுவத்தில் ஒவ்வொரு குட்டியின் பிறந்த தேதியும், தடுப்பூசி போட்ட நாளும், மாதந்தோறும் நிறுத்த எடையும் மாணவரின் கையெழுத்தில் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து விலை பேசலாம்.