சங்கை நிறுத்திய ஆலையும் சரக்கைத் திருப்பி வாங்கிய கம்பெனியும்

அமெரிக்காவில் உள்ள பெரிய நகரம் சிகாகோ. 1982-ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் அந்த நகரமே நடுங்கியது.

அங்கும் சுற்றுவட்டாரத்திலும் 7 பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கூடச் சிறுமி!

ஏழு பேரும் சாப்பிட்டது 'டைலினால்' மாத்திரை. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் சாதாரண மாத்திரைதான். மருந்துத் தூளை உறைக்குள் அடைத்து விற்றார்கள். யாரோ ஒரு பாதகன் அந்த உறையைத் திறந்து 'சயனைடு' விஷத்தைக் கலந்துவிட்டான். அவன் கடைசிவரை அகப்படவில்லை.

கம்பெனி என்ன செய்தது?

மாத்திரையைச் செய்தது ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி. அப்போது அதன் தலைவர் ஜேம்ஸ் பர்க்.

விஷம் கலந்தது கம்பெனி அல்ல. "எங்கள் மேல் தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கம்பெனி அப்படிச் செய்யவில்லை. தன் மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று தானே மக்களை எச்சரித்தது! கேள்வி கேட்பவர்களுக்காகத் தனி டெலிபோன் வைத்தது.

அக்டோபர் 5-ந் தேதி, நாடு முழுவதும் இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திருப்பி வாங்க ஏற்பாடு செய்தது. இதனால் ஏற்பட்ட செலவு 10 கோடி டாலருக்கு மேல்.

ஆலையில் சயனைடு உண்டா என்று நிருபர்கள் கேட்டார்கள். இல்லை என்று முதலில் பதில் வந்தது. பிறகு விசாரித்தபோது, மருந்தைச் சோதிக்கும் இடத்தில் கொஞ்சம் இருப்பது தெரிந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் கம்பெனி அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது.

விற்பனை படுத்துவிட்டது. சில வாரங்களில், மூன்று இடத்தில் முத்திரை போட்ட புதுப் புட்டி வந்தது. ஓராண்டுக்குள் பழைய வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள்.

போபாலில் நடந்தது

இரண்டு ஆண்டுகள் கழித்து நம் நாட்டில் ஒரு பெரும் துயரம் நடந்தது.

1984-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவு. போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலை. அங்கிருந்து சுமார் 40 டன் விஷவாயு வெளியே பாய்ந்தது.

ஆலைச் சங்கு ஊதியது. ஆனால், ஊருக்குக் கேட்கும் சங்கை உடனே நிறுத்திவிட்டார்கள்! சிறு கசிவுக்கெல்லாம் ஊரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது ஆலையின் வழக்கம். அது மீண்டும் முழங்கியபோது, தெருவெல்லாம் மக்கள் மூச்சுத் திணறி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அது என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்று ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கே தெரியவில்லை. ஈரத் துணியால் முகத்தை மூடியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்று பிறகு நிபுணர்கள் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை அந்த இரவில் சொல்ல ஆள் இல்லை.

அரசாங்கத்தின் முதல் கணக்கே 2 ஆயிரத்து 259 பேர் பலி. பிறகு சாவு பல ஆயிரமாகப் பெருகியது.

நல்ல பெயர் நிரந்தரமா?

பெரிய கம்பெனிகளில் 'மக்கள் தொடர்பு அதிகாரி' என்று ஒருவர் இருப்பார். கம்பெனியின் பெயரைக் காப்பது அவர் வேலை. ஆனால் ஆபத்து வந்துவிட்டால் முதல் வார்த்தை, உயிருக்கு ஆபத்தில் இருப்பவனுக்குப் போக வேண்டும். கம்பெனியின் பெயர் அதற்குப் பிறகுதான்.

ஒரு முறை உண்மை பேசியவர் என்றும் உண்மையே பேசுவார் என்று நம்பிவிடவும் முடியாது. அதே ஜான்சன் கம்பெனியின் குழந்தைப் பவுடரில் 'ஆஸ்பெஸ்டாஸ்' கலந்திருந்ததாக அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வழக்குகள் வந்தன. சில சோதனைகளில் அது தென்பட்டதைக் கம்பெனி பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை என்று 2018-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. பவுடர் பத்திரமானதே என்பது கம்பெனியின் வாதம். ஆனாலும் 'டால்க்' கலந்த அந்தப் பவுடரை 2023-ல் உலகம் முழுவதும் நிறுத்திவிட்டது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு பண்டத்தைப் பற்றியோ, ஆலையைப் பற்றியோ பயமான செய்தி வந்தால், கம்பெனியின் அறிக்கையைப் படிப்பவர்கள் நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்கிறார்களா?

வீட்டில் இருப்பவர்கள் உடனே என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார்களா?

இன்னும் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார்களா?

விற்ற சரக்குக்குப் பொறுப்பு ஏற்கிறார்களா?

நாலுக்கும் பதில் இருந்தால், அந்த அறிக்கை மக்களுக்காக எழுதப்பட்டது. "வருந்துகிறோம், கவலை வேண்டாம்" என்பது மட்டும் இருந்தால், அது கம்பெனிக்காக எழுதப்பட்டது. அந்தப் பதில்கள் வரும்வரை அந்தப் பண்டத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.