ஆறாவது விரல்

நமது அரசியல் சாசனத்தின் 163, 164 ஆம் பிரிவுகளைப் பொறுமையோடு படித்துப் பார்ப்பவர், முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை ஒன்று உண்டென்றும், அம்முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறாரென்றும், ஏனைய அமைச்சர்கள் முதலமைச்சரின் ஆலோசனையின்பேரில் நியமனம் பெறுகிறார்களென்றும் அறிவாரேயன்றி, துணை முதலமைச்சர் என்று ஒருவர் இருப்பதாக எந்த வரியிலும் காணமாட்டார். சாசனத்தில் இல்லாத அந்த ஆசனத்துக்குத்தான் இந்நாட்டில் எத்தனை போட்டி, எத்தனை மனத்தாங்கல்!

1989 டிசம்பர் 2 ஆம் தேதி, துணைப் பிரதமராகப் பதவி ஏற்க வந்த ஹரியானாவின் தேவிலாலுக்குப் பிரமாண வாசகத்தை எடுத்துக்கொடுத்த ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன், வாசகத்தில் உள்ளபடி மந்திரி என்றே சொல்ல, தேவிலாலோ உபபிரதம மந்திரி என்றே திருப்பிச் சொன்னார். நம் தஞ்சை ஜில்லாவில் பிறந்து வழக்கறிஞராய்த் தேர்ந்த வெங்கட்ராமன் திருத்திப் பார்த்தார், பெரியவர் மசியவில்லை, கடைசியில் ஜனாதிபதிதான் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்தப் பெயர் வெறும் வர்ணனையே, அதனால் பிரதமரின் அதிகாரம் எதுவும் அவருக்கு வந்துவிடாது என்று தீர்ப்பாயிற்று. துணை முதலமைச்சர்களை எதிர்த்து 2024 இல் வந்த மனுவையும், அவர்கள் முதலில் அமைச்சர்களே, பெயரொன்று சூட்டுவதால் சாசனத்துக்குப் பங்கம் எதுவுமில்லை என்று அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சட்டத்தில் கனமற்ற இப்பெயர் அரசியலில் எவ்வளவு கனக்கும் என்பதை அறிய ஆந்திரத்தின் சரித்திரத்தைப் போல உதவும் பாடம் வேறில்லை. 1953 அக்டோபர் முதல் தேதி, சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்து கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் உதித்தபோது, முன்பு சென்னையிலேயே பிரதமர் எனப்பட்ட முதலமைச்சராயிருந்த முதியவர் தங்குடூரி பிரகாசம் முதலமைச்சரானார். ஆனால் அவர் அப்போது காங்கிரஸில் இல்லை. சபையில் பெரிய கட்சியாயிருந்த காங்கிரஸின் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி, முதல் ஸ்தானத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துத் தாம் துணை முதலமைச்சராய் அமர்ந்தார். 1955 இல் கோபால ரெட்டியின் மந்திரிசபையிலும் அவருக்கு அதே ஸ்தானம். ஆகவே அப்பதவியின் சுகதுக்கங்களை அவரைவிட நன்றாக உணர்ந்தவர் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது.

இதற்கிடையில், தெலங்கானத்தை ஆந்திரத்தோடு இணைப்பது பற்றி 1956 பிப்ரவரியில் தில்லியில் இரு தரப்புத் தலைவர்களும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 'பெரிய மனிதர் ஒப்பந்தம்' என்று பெயர் பெற்ற அதிலே, முதலமைச்சர் ஒரு பிரதேசத்தவரானால் துணை முதலமைச்சர் மற்றப் பிரதேசத்தவராயிருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. கையெழுத்திட்டவர்களில் சஞ்சீவ ரெட்டியும் ஒருவர். நவம்பர் முதல் தேதி புதிய ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அவர், துணை முதலமைச்சரை நியமிக்கவில்லை. அது கையில் முளைத்த ஆறாவது விரல், வேண்டாத உறுப்பு, என்று சொல்லிவிட்டதாகத் தெலங்கானத்தார் நெடுங்காலம் குறைப்பட்டார்கள். இருமுறை அந்த விரலாகவே இருந்தவர் வாயிலிருந்து வந்த உவமை அது! அதில் அனுபவமும் இருக்கலாம். அதிகாரத்தைப் பங்கிட மனமில்லாமையும் இருக்கலாம். இரண்டும் கலந்திருந்தன என்பதே என் அபிப்பிராயம். பின்னர் தெலங்கானத்துக் கே. வி. ரங்கா ரெட்டி அப்பதவியைப் பெற்றாராயினும், ஒப்பந்தத்தின் மை காயுமுன்னே நேர்ந்த இந்த மீறல், 1969 இல் மூண்ட தனித் தெலங்கானக் கிளர்ச்சியின்போதும் மறவாமல் எடுத்துக் காட்டப்பட்டது.

நம் தமிழ்நாட்டில் 2009 மே மாதம் வரை இப்பதவி தலைகாட்டவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலியிலிருந்து அரசு நடத்திய மு. கருணாநிதி தம் புதல்வர் மு. க. ஸ்டாலினுக்கு அதை அளித்ததும், 2024 செப்டம்பரில் அந்த ஸ்டாலினே தம் புதல்வர் உதயநிதிக்கு அளித்ததும், அடுத்தவர் யார் என்று கட்சிக்கும் நாட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லிவைக்கும் அறிவிப்புகளே. இவற்றுக்கிடையில் வந்த ஓ. பன்னீர்செல்வத்தின் கதையோ வேறு வகை: மும்முறை முதலமைச்சராயிருந்த அவர், 2017 பிப்ரவரி 18 அன்று சட்டசபையில் எடப்பாடி பழனிசாமியின் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேரில் ஒருவராயிருந்தும், அ.தி.மு.க.வின் பிரிந்த அணிகள் ஒன்றானதும், ஆகஸ்டு 21 அன்று அதே அரசில் துணை முதலமைச்சராய்ப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஆனாலும் அவர் வெறும் பெயரோடு நின்றவரல்லர். நிதி இலாகா அவர் கையில் இருந்தது. எந்தத் துறைக்கு எத்தனை ரூபாய் என்று எழுதும் பேனா யாரிடம் இருக்கிறதோ, அவரைத் தேடித்தானே மற்ற அமைச்சர்கள் கோப்போடு வருவார்கள்? பீகாரில் முதலமைச்சர் ஸ்ரீகிருஷ்ண சின்ஹாவுக்கு அடுத்தவராய் விளங்கிய அனுக்ரஹ நாராயண சின்ஹாவும், 1946 முதல் 1957 இல் மறையும் வரை நிதியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர்தாம்.

இதற்கு மாறாக, ஆந்திரப் பிரதேசத்தில் 2019 ஜூனில் முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி, பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர், சிறுபான்மையினர், காப்பு சமூகத்தார் என்று பிரிவுக்கு ஒருவராக ஐந்து துணை முதலமைச்சர்களை நியமித்தார். அம்மந்திரிசபையில் நிதி இலாகாவைப் பெற்ற புக்கன ராஜேந்திரநாத் ரெட்டி அந்த ஐவரில் ஒருவரல்லர்; உள்துறையைப் பெற்ற மேகதோட்டி சுசரிதாவும் அல்லர்.