ஓட்டை மேப்பும் சித்தப்பா கடை பில்லும்

பொட்டி தட்டற பொழப்பு இல்லாதவங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

"பழைய பிரவுசருக்கெல்லாம் எதுக்குய்யா மெனக்கெடறே? மேப் இல்லேன்னா சாதா ஆப்ஜெக்ட்டை வெச்சு ஓட்டிட்டுப் போ"ன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார். இந்த 'ஓட்டிட்டுப் போ' மேலதான் எனக்குக் கடுப்பு.

மேப்ங்கறது கோயில் வாசல்ல செருப்பு விடற கவுண்டர் மாதிரி. டோக்கனைக் குடுத்தா செருப்பு வரும், அவ்ளோதான். ஜாவாஸ்கிரிப்ட்ல இது முறைப்படி வந்தது 2015-ல. அதுக்கு முன்னாடி 20 வருஷமா சாதா ஆப்ஜெக்ட்டைத்தான் கவுண்டர்ல உக்கார வெச்சிருந்தோம். அவருக்கு ஒரு வியாதி. எந்தச் சாவியைக் குடுத்தாலும் ஸ்ட்ரிங்கா மாத்திப்பார். எண் 1-ம், எழுத்தா எழுதின '1'-ம் அவருக்கு ஒண்ணுதான். ரெண்டு வேற வேற ஆப்ஜெக்ட்டைச் சாவியா குடுத்தா ரெண்டுக்கும் ஒரே டோக்கன். அடுத்தவன் செருப்பு உங்க காலுக்கு.

இன்னொண்ணு, பிறக்கும்போதே சில சாமான்களை மடியில கட்டிக்கிட்டு வருவார். ஒருதடவை என் பழைய பதிவுகள்ல எந்த வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ண ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. நடுவுல இங்கிலீஷ்ல எழுதின 'கன்ஸ்ட்ரக்டர்'ங்கற வார்த்தைக்கு மட்டும் எண்ணிக்கைக்குப் பதிலா ஏதோ ஃபங்ஷன், நேட்டிவ் கோட்னு நீளமா ஒரு வால், அதுக்குக் கடைசியில ஒரு 1. அந்தப் பேர்ல ஆப்ஜெக்ட்டுக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு உக்காந்திருக்கே!

அதனாலதான் மாற்று மேப் எழுதறவங்களை நான் மதிக்கிறேன். இந்த மாதிரி ஒட்டுவேலைக்குப் பாலிஃபில்னு பேர் வெச்சவர் ரெமி ஷார்ப். பிரிட்டன்ல சுவத்து ஓட்டையை அடைக்கிற பட்டி ஒண்ணு இருக்கு, பாலிஃபில்லான்னு. அதுலேர்ந்து எடுத்தது. எளிய வழி ரெண்டு அரே, ஒண்ணுல சாவி, இன்னொண்ணுல மதிப்பு, தேடும்போது வரிசையா பாக்கறது. ஐம்பது நூறு சாவிக்குத் தாராளமா போதும். 10,000 புதுச் சாவி போடணும்னா கிட்டத்தட்ட 5 கோடி ஒப்பீடு, மெஷின் மூச்சு வாங்கிடும். அதனால கோர்-ஜேஎஸ் மாதிரி நூலகங்கள்ல ஸ்ட்ரிங்குக்கும் எண்ணுக்கும் முன்னெழுத்து ஒண்ணு ஒட்டிப் பிரிச்சு வெப்பாங்க, ஆப்ஜெக்ட் சாவின்னா அதுமேலயே ரகசியமா ஒரு நம்பர் குத்திடுவாங்க. உறைய வெச்ச ஆப்ஜெக்ட்மேல குத்த முடியாது, அதுக்கு மட்டும் பழையபடி வரிசைத் தேடல்தான். நேன்னு (எண் இல்லாத எண்!) ஒரு பிரகிருதி உண்டு. தனக்குத் தானே சமம் இல்லேன்னு சொல்ற ஆள். அதையும் தனியா கவனிக்கணும்.

இவ்ளோ செஞ்சும் நான் மண்ணைக் கவ்வினது வேற இடத்துல. 2018-ல சித்தப்பாவோட ஸ்டேஷனரி கடைக்கு பில் போடற பக்கம் ஒண்ணு எழுதிக் குடுத்தேன். சரக்கு வகைக்கு இவ்ளோ வரின்னு ஒரு மேப். கடையில ஓடினது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11. மேப் இல்லேன்னா மாற்று மேப்பை ஏத்துன்னு ஒரு வரியும் போட்டிருந்தேன். பெரிய புத்திசாலின்னு நினைப்பு.

சாயங்காலம் ஃபோன். "டேய், இன்னிக்குப் போட்ட பில் ஒண்ணுலகூட வரியே இல்லடா. நான் என்ன கைக்காசு போட்டுக் கட்டறதா?"

எக்ஸ்ப்ளோரர் 11 வந்தது 2013-ல, மேப்போட இலக்கணம் முடிவாகறதுக்கு முன்னாடியே. உள்ள மேப் இருக்கு, ஆனா அரைவேக்காடு. உருவாக்கும்போதே பட்டியலைக் குடுத்தா வாங்கிக்கிட்டு, ஒரு பிழையும் சொல்லாம, காலி மேப்பைக் கையில குடுக்கும். 'மேப் இருக்கா?'ன்னு கேட்டா இருக்குன்னு சொல்லும். அதனால என்னோட மாற்று மேப் ஏறவே இல்லை. வரி கிடைக்கலேன்னா சுழியம்னு வேற எழுதி வெச்சிருந்தேன். சுத்தமா இல்லாத மேப்பைவிட பாதி இருக்கற மேப்தான் ஆபத்து. பேர் இருக்கான்னு பாக்காதீங்க. ஒரு ஜோடியைக் குடுத்து உருவாக்கி, அளவு 1 வருதான்னு பாருங்க. வரலேன்னா உள்ளூர் மேப்பைத் தூக்கிட்டு உங்களோடதைப் போடுங்க.

எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன்ல ஓய்வு குடுத்துடுச்சே, இன்னும் எதுக்கு இந்தப் புலம்பல்னு கேப்பீங்க. இன்டிசைன்ல புத்தகம் கோக்கறவங்களைக் கேளுங்க. அங்க இருக்கற எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட் ஆதிகால ஜாவாஸ்கிரிப்ட். மேப்பும் கிடையாது, அரேவுல தேடற வசதிகூட கிடையாது.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. மாற்று மேப்பை வேறொருத்தர் சர்வர்லேர்ந்து நேரா இழுக்காதீங்க. பாலிஃபில் டாட் ஐஓன்னு அப்படி ஒரு சேவை இருந்துச்சு. 2024 பிப்ரவரியில கை மாறினப்பவே, அதை முதல்ல உருவாக்கினவரே எடுத்துடுங்கன்னு சொன்னார். யார் கேட்டா? ஜூன் மாசம் அது வழியா விஷ நிரல் வந்து, லட்சத்துக்கும் மேல தளங்கள் மாட்டுச்சு. செல்ஃபோன்ல வந்தவங்கள்ல சிலரைப் பந்தயத் தளத்துக்குத் தள்ளிவிட்டுது. இத்தனைக்கும் அதுல நிறைய தளங்களுக்கு அந்த ஒட்டுவேலையே தேவைப்பட்டிருக்காது. புது பிரவுசர்ல எல்லாம்தான் ஏற்கெனவே இருக்கே!

சித்தப்பா கடையில இப்ப புது மெஷின். மாற்று மேப் ஃபைலை நானே அழிச்சிட்டேன். அந்த ஒரு நாள் வரிக் காசை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி ஞாபகப்படுத்திட்டிருக்கார்.