குடவோலையை எங்கே உடைப்பது?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில் இருக்கிறது மாகறல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு சொல் உண்டு... குடவோலை! முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் தேர்தல் முறை அது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

இப்போது அந்தச் சொல்லை நிறுத்தி வாசித்துப் பாருங்கள். குட... வோலை. 'வோலை' என்றால் என்ன? ஒன்றுமில்லை. குடமும் ஓலையும் சேரும்போது 'ம்' விழுந்து, நடுவில் 'வ்' வந்து ஒட்டிக்கொண்டது. அசை பிரித்தால் குட/வோ/லை, அதாவது நிரை நேர் நேர், புளிமாங்காய். செய்யுளுக்கு அது போதும். பொருள் தேடும் மாணவனுக்கு? வாய் பிரிக்கும் இடம் வேறு, பொருள் பிரியும் இடம் வேறு என்று யாராவது சொல்லித் தர வேண்டும். உத்திரமேரூரே அப்படித்தான். உத்தரமேருவின் கடைசி எழுத்துக்குள் 'ஊர்' ஒளிந்துகொண்டிருக்கிறது!

டச்சு மொழியில் இந்த வேலையை அழுத்தம் பார்த்துக்கொள்கிறது. 'ஃபோர்கோமன்' என்ற சொல்லில் முன்பகுதியை அழுத்தினால் 'நிகழ்தல்', பின்பகுதியை அழுத்தினால் 'தடுத்தல்'. எழுத்து ஒன்றுதான், பொருள் இரண்டு. தமிழில் அப்படி அழுத்தி யாரும் பொருளை மாற்றுவதில்லை. இங்கே அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது ஒற்றெழுத்து. பழக்கடை என்று எழுதினால் 'க' வன்மையாக ஒலிக்கும், இங்கே இரண்டு சொல் சேர்ந்திருக்கிறது என்று காது பிடித்துக்கொள்ளும். ஒற்றை விட்டுப் 'பழகடை' என்று எழுதினால் 'பழகு' என்பதில் வரும் 'க' மாதிரி மெலிந்துவிடும்.

"புரிந்தால் போதாதா, ஒற்று எதற்கு?" என்று கேட்பவர்கள் அதிகம். கடையில் பழம் தொங்குவதால் பலகை எப்படி இருந்தாலும் புரியும், சரி. 'வேலை கொடு' என்றால் பிழைக்க ஒரு வேலை. 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பது! கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் சும்மா விடுவார்களா? மொழியில் மட்டும் ஏன் விட வேண்டும்?

அதற்காகக் கண்ட இடத்தில் ஒற்றுப் போடுவதும் தப்பு. ஊறுகாயை யாரும் 'ஊறுக்காய்' என்று சொல்வதில்லையே. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்ற விதியைப் படிக்காத பாட்டிக்கும் அது தெரியும்.

ஆக, பிள்ளைகளின் வாயில் விடை ஏற்கெனவே இருக்கிறது. புணர்ச்சி விதியை இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ய வைப்பதை விட, வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "எங்கே ஒட்டியது, எது விழுந்தது, எது வந்தது?" என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். முதல் சொல்லாகக் குடவோலையையே எடுத்துக்கொள்ளலாம்... உடைத்தால் உள்ளே ஊரின் வரலாறும் கிடைக்கும்!